பெயிண்டுக்கு முன் கைப்பிடி: மூத்தோருக்காக நாம் செய்ய வேண்டியவை

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெயிண்ட் அடிக்கும் செலவை முடிவு செய்வதற்கு முன் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்த தலைவருக்கும் செயலாளருக்கும் நன்றி.

முதலில் ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு, 2021-க்கு 13.6 சதவீதம், 2031-க்கு 18.2 சதவீதம் என்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. புள்ளிவிவரத்தை விடுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீடுகள் உங்கள் மாடியில் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். முதிர்வுத் தேதி தெரிந்த பொறுப்புக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைப்பதுதான் அங்கே வழக்கம். முதுமையும் அப்படித்தான். இன்று இங்கே 50 வயதில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் பத்து வருடம்தான். ஆகவே மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, பதிவேடு. தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற விவரம் இன்று சங்கத்திடம் இல்லை. விருப்பமுள்ளவர்கள் எழுதி, உறையில் ஒட்டிச் செயலாளரிடம் கொடுக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. மாற்றுச் சாவி ஒன்றை உங்களுக்கு நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் அந்தச் சாவியால் பயனில்லை. வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டு இருந்தால் நல்லது. குளியலறைக் கதவுக்கும் இதேதான்.

இரண்டு, கட்டடம். மாடிப்படியில் ஒரு பக்கம்தான் கைப்பிடி இருக்கிறது. இரு பக்கமும் வேண்டும். வாசலில் சாய்தளம் வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது அதன் விதி. நம் வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று; அதாவது 18 அடி நீளம் தேவை. பலகையைச் சாய்த்து வைப்பது ஆபத்து. கரண்ட் போனால் லிஃப்ட் பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவிடும் கருவி இருக்கிறது. அதைப் பொருத்த வேண்டும். நம் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. அதனால் காவலாளி அறையில் மடக்கும் சக்கர நாற்காலி ஒன்று இருக்கட்டும்.

மூன்று, ஆட்கள். 108 வண்டி எந்தக் கேட் வழியாக வர வேண்டும், யார் வழிகாட்ட வேண்டும் என்று இரவுக் காவலாளிக்கும் தெரிய வேண்டும். அந்த வழியில் தயவுசெய்து யாரும் காரை நிறுத்தாதீர்கள். மூத்தோருக்கான தேசிய உதவி எண் 14567. பண மோசடிக்கு 1930. "டிஜிட்டல் கைது" என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. அப்படி ஒரு போன் வந்தால் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தர ரிசர்வ் வங்கி 2017-லேயே வழிகாட்டியிருக்கிறது. உங்கள் கிளையில் கேளுங்கள்.

அக்கம்பக்கத்தாரால் என்ன முடியும் என்ற சந்தேகம் வேண்டாம். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது. 2008-ல் கேரள அரசே அதற்கென ஒரு கொள்கை வகுத்தது.

"வயதானவர் இருக்கும் வீடு செலவு செய்யட்டும், நாங்கள் ஏன் தர வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சாய்தளத்தில் குழந்தை வண்டியும் போகும், கேஸ் சிலிண்டரும் போகும், கால் முறிந்த கல்லூரிப் பையனும் போவான். பெரியவர்களிலும் சிலர், "என்னை நோயாளி ஆக்காதீர்கள்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரி. எது வேண்டும் என்று அவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அவர்களுக்காக நாம் முடிவு செய்யக் கூடாது.

என் கோரிக்கை இதுதான். வெளிப்புறப் பெயிண்டை ஒரு வருடம் தள்ளி வைப்போம். இந்த ஆண்டு கைப்பிடியும் சாய்தளமும், அடுத்த ஆண்டு லிஃப்ட் கருவி. மேற்பார்வைக்கு ஐந்து பேர் குழு; அதில் இரண்டு பெண்களும், முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரும் இருக்கட்டும். சுவர் ஒரு வருடம் மங்கலாக இருந்தால் யாருக்கும் எலும்பு முறியாது.

பதிவேட்டுப் படிவம் செயலாளரிடம் இருக்கிறது. இன்று போகும்போதே வாங்கிச் செல்லுங்கள்.