மேலதிக வருமானம்: எதற்கு, எதுவரை?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கத்தார் என்னிடம் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசும்படி கேட்டார்கள். நான் காசு பற்றிப் பேச அனுமதி கேட்டேன். காரணம் இருக்கிறது. சீனி கட்டுப்படாமல் என்னிடம் வரும் பெண்களிடம், "எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?" என்று கேட்பேன். பதில் பெரும்பாலும் காசில்தான் போய் முடியும். பாடசாலை விட்டதும் நேரே ரியூசனுக்குப் போய் இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் ஆசிரியை. வங்கி வேலை முடிந்து வந்து, இரவு இரண்டு மணி வரை பிறந்தநாள் கேக்குக்கு ஐசிங் போடும் பெண். விடிய இரண்டு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கு அலுவலகத்தில் கையொப்பம் வைக்கும் தாய். இவர்களுக்கு மருந்து எழுதுவது இலகு. அதை வேளைக்குப் போட அவர்களிடம் நேரம் இல்லை.

இந்த மேலதிக உழைப்பு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. என் அம்மா கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. 1990இல் போர் மீண்டும் தொடங்கிப் பாதை மூடப்பட்டதும் அவருடைய காசு ஒழுங்காக வருவது நின்றது. மின்சாரமும் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. அம்மாவின் சம்பளத்தில் மூன்று பிள்ளைகள் சாப்பிடலாம், படிக்க முடியாது. அதனால் அவர் இரவில் தைக்கத் தொடங்கினார். எங்கள் வகுப்பில் அரைவாசிப் பேரின் வெள்ளைச் சட்டை அம்மா தைத்ததுதான். அளவு எடுக்க வீட்டுக்கு வந்த தோழிகள் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள்.

ஜாம் போத்தல் விளக்கு உங்களுக்கு நினைவிருக்கும். போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, திரியைக் கொளுத்துவோம். அம்மா தைக்க உட்காரும்போது அளந்து எண்ணெய் விடுவார். அது இரண்டு மணித்தியாலம் வரும். விளக்கு மங்கினால் தையல் மெசினை மூடிவிடுவார். அரைவாசி தைத்த கை அப்படியே ஊசியில் நிற்கும்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே எழுந்து நடந்தபோது அம்மா மெசினின் தலைப்பாகத்தை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். காலும் பலகையும் வீட்டில் நின்றுவிட்டன. நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர எங்களுக்கு விடிந்துவிட்டது. அங்கே ஒரு வீட்டு விறாந்தையில் அந்தத் தலையை மேசையில் வைத்து, கையால் சுற்றித் தைத்தார். கூலி சில நாள் காசு, சில நாள் அரிசி. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அந்த மெசினுக்குப் பக்கத்தில் இருந்துதான்.

ஆகவே, இரண்டாவது வருமானம் தேடுவது பேராசை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வைத்தியராக நிற்பதே அப்படி ஒரு வருமானத்தில்தான். ஆனால் அதே நான் அதில் எங்கே பிழைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இலங்கையில் அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனிப்பட்ட முறையில் நோயாளரைப் பார்க்கலாம். இடையில் நிறுத்தப்பட்டிருந்த அந்த உரிமை 1977இல் திரும்பக் கிடைத்தது. நானும் வாரத்தில் இரண்டு மாலை ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் இருந்தேன். பிறகு 2022 வந்தது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. எங்கள் வீட்டுக் கடனுக்கு மாறும் வட்டி. மாதத் தவணை எகிறியது. செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கவும் அந்த யூனில் அமைச்சரவை அனுமதித்தது. வைத்தியசாலைக்கு ஏது வெள்ளிக்கிழமை? 2023 சனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை வரி. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். நான் போகவில்லை. இரண்டு மாலையை ஆறு மாலையாக்கினேன்.

ஒரு நாள், இரவுக் கடமை முடித்து, பகலும் விடுதியில் நின்று, மாலை சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். கடைசியாக வந்தவர் மூட்டுவாதத்துக்குப் பல வருடம் மருந்தெடுக்கும் ஒரு வயதான அம்மா. எழுதிக் கொடுத்தேன், போனார். பத்து நிமிடத்தில் மருந்தகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டு, "டொக்டர், மெதொட்ரெக்சேற் கிழமைக்கு ஒருக்கா தானே? இதில ஒவ்வொரு நாளும் எண்டு இருக்கு" என்று கேட்டாள்.

மூட்டுவாதத்துக்கு அந்த மருந்து கிழமைக்கு ஒரு தரம். நாளாந்தம் எடுத்தால் எலும்பு மச்சையையே அழித்து ஆளைக் கொல்லும். இது எனக்குத் தெரியாததல்ல. மாணவர்களுக்கு நானே படிப்பிக்கிற விடயம். அந்தப் பிள்ளை கேட்காமல் பொதி கட்டிக் கொடுத்திருந்தால், இன்று இந்த மேடையில் நான் நின்றிருக்க மாட்டேன். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. நான் அன்று விழித்திருந்தது 30 மணித்தியாலத்துக்கு மேல்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து கணக்குக் கொப்பியை எடுத்தேன். தவணை கட்ட எனக்கு மேலதிகமாக எவ்வளவு தேவை என்று அதுவரை நான் எழுதிப் பார்த்ததே இல்லை. எழுதினேன். மூன்று மாலை போதும். மற்ற மூன்று மாலையும் நான் பயத்துக்காகவே ஓடியிருக்கிறேன். அந்த மூன்று மாலையிலும் என் மகள் தனியே இருந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறாள்.

பிறகு ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன், "எண்ணெய் இல்லாதபடியாத்தானே அப்ப நேரத்துக்கு மெசினை மூடினீங்கள்?" அம்மா சிரித்தார். "கதவுக்குப் பின்னால கானில எண்ணெய் இருந்தது பிள்ளை. விட்டா நான் விடியும் வரைக்கும் தைப்பன். அதாலதான் அளந்து விட்டனான். அடுத்த நாள் கச்சேரியில பிழையா எழுதினா, இருந்த வேலையும் போயிடும்."

இவ்வளவு காலமும் வறுமைதான் அந்த விளக்கை அணைத்தது என்று நினைத்திருந்தேன். இன்று எங்களுக்கு மின்சாரம் இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது, இரவு 11 மணிக்கும் ஓடர் வருகிறது. அளந்து விடுவதை மட்டும் நாங்கள்தான் செய்ய வேண்டும்.

தங்கைமாருக்கு, என் அனுபவத்திலிருந்தும் என்னிடம் வருபவர்களின் அனுபவத்திலிருந்தும் சில நடைமுறை விடயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, தொடங்க முன் எதற்கு, எவ்வளவு, எந்த மாதம் வரை என்று எழுதுங்கள். கடன் அடைக்கவா, பிள்ளையின் படிப்புக்கா, நகை மீட்கவா? அந்தத் தொகை சேர்ந்ததும் நின்று யோசியுங்கள்.

இரண்டாவது, உங்கள் நேரத்துக்கும் விலை போடுங்கள். உதாரணத்துக்கு, 4,500 ரூபாவுக்கு விற்கும் ஒரு கேக்குக்கு முட்டை, பட்டர், பெட்டி, காஸ், ஓட்டோக் கூலி என்று 3,300 போனால் மிச்சம் 1,200. ஆறு மணித்தியாலம் நின்றிருந்தால் மணிக்கு 200 ரூபா. நித்திரையை அந்த விலைக்கு விற்கலாமா என்று நீங்களே தீர்மானியுங்கள். விலையை உயர்த்தக் கூச்சப்படாதீர்கள். தெரிந்தவர்கள்தான் முதலில் பேரம் பேசுவார்கள்.

மூன்றாவது, ஒழுங்காகச் செய்யுங்கள். அரச ஊழியர்கள் வெளியில் ஊதியத்துக்கு வேலை செய்வது பற்றித் தாபன விதிக்கோவை சொல்வதைப் பார்த்து, எழுத்தில் அனுமதி பெறுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வரி எல்லை மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா. சம்பளமும் மற்ற வருமானமும் சேர்த்தே கணக்குப் பார்க்கப்படும். தனியார் துறையில் வேலை என்றால் சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் போகும். கேக்குக்கும் தையலுக்கும் ரியூசனுக்கும் அப்படி ஒன்றும் இல்லை. முதுமைக்கு நீங்களே ஒரு பங்கை, உங்கள் பெயரில் உள்ள கணக்கில் போட வேண்டும். இதைச் சொல்லும்போது சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். உழைத்தவள் பெயரில் காசு இருப்பதில் யாருக்கும் அவமானம் இல்லை.

நான்காவது, வீட்டில் பேசுங்கள். ஒரு பெண் இரண்டாவது வேலை எடுத்தால் சமையலும் உடுப்புத் தோய்ப்பதும் தன்பாட்டில் குறைவதில்லை. வருமானம் வீட்டுக்கு என்றால் வேலையும் வீட்டுக்கு உரியதுதான். எங்கள் வீட்டில் இப்போது இரவுச் சாப்பாடு என் கணவரின் பொறுப்பு. புட்டு சில நாள் கல்லாகத்தான் இருக்கும். சாப்பிடுகிறோம்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பகலில் அலுவலகம், சனி ஞாயிறில் கடையில் காசாளர் என்று நீங்கள் சேர்த்த காசு இந்தப் பாடசாலைச் சுவர்களில் இருக்கிறது, எங்கள் பல வீடுகளின் கூரையில் இருக்கிறது. உங்களிடம் கேட்ட நாங்கள், நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இன்று கேட்கிறேன். "இந்த மாதம் ஏலாது" என்று நீங்கள் சொன்னால் அதைக் கோபமில்லாமல் கேட்க நாங்களும் பழகிக்கொள்ள வேண்டும்.

அந்த மருந்தகப் பிள்ளைக்கு நன்றி சொல்ல மறுநாள் போனேன். அவளும் பகலில் வேறோர் இடத்தில் வேலை செய்துவிட்டு மாலையில்தான் அங்கே நிற்பவள். "டொக்டர், எனக்கும் நித்திரை தூங்கித்தான் வந்தது, ஆனா எழுத்தைப் பார்த்ததும் முழிச்சிட்டன்" என்றாள். அன்று அந்த வயதான அம்மாவைக் காப்பாற்றியது அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அப்படி ஒருவர் முழித்துக்கொள்வார் என்று நம்பி நாங்கள் வேலை செய்ய முடியாது.

அம்மாவின் மெசின் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த விழாவுக்காகப் பேத்தியின் சட்டைக்கு விளிம்பு மடித்துத் தைத்தவரும் அவர்தான். ஒன்பது மணியானதும் மெசினை மூடிவிட்டார். மிச்சத்தை மறுநாள் காலையில் தைத்தார். சட்டை நேரத்துக்கு முடிந்தது.