நகரும் சுவரும் ஒட்டும் நீரும்



வீட்டில் சுழலும் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். இறக்கைகளின்மேல் தூசி படிந்திருக்கும். அத்துணை விரைவாகக் காற்றைக் கிழித்துச் செல்லும் இறக்கையில் தூசி எங்ஙனம் தங்கிற்று? இறக்கையைத் தொட்டு நிற்கும் காற்று இறக்கையோடு சேர்ந்தே சுழல்கின்றது. ஆதலின் அத்தூசியை அடித்துச் செல்லும் காற்று அங்கே இல்லை. சுவரை ஒட்டிய நீரோ காற்றோ அச்சுவரின் வேகத்தையே தன் வேகமாகக் கொள்ளும். இதனை 'வழுக்கா நிபந்தனை' என்பர். 1904-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் வெளியிட்ட எல்லைப்படலக் கொள்கைக்கு அடிப்படை இவ்வுண்மையே.

இன்று நீரோட்டத்தையும் காற்றோட்டத்தையும் கணிப்பொறியில் கணக்கிட்டுக் காண்கிறோம். ஓட்டம் நிகழும் இடத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டந்தோறும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணிப்பொறி கண்டறிகின்றது. ஆனால் ஓரத்தில் இருப்பது இன்னதென்று அதற்குத் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்லவேண்டும். நிற்கும் சுவராயின் வேகம் சுழி என்றால் போதும். நகரும் சுவராயின் என்ன சொல்வது?

நகரும் சுவர் இருவகைப்படும். முதல்வகை, தன் தளத்திலேயே வழுக்கிச் செல்வது. 'ஓபன்ஃபோம்' என்னும் மென்பொருளைக் கற்பவர் முதலில் செய்யும் பயிற்சி இதுவே. பக்கம் 0.1 மீட்டர் உள்ள ஒரு சதுரப் பெட்டி. அதன் மூடி மட்டும் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்கின்றது. பெட்டியைப் பக்கத்திற்கு 20 கட்டங்களாகப் பிரிப்பர். மூடி நகர்ந்தாலும் பெட்டியின் வடிவம் மாறுவதில்லை. ஆதலின் கட்டங்களைத் தொடாமல், மூடியின் வேகத்தை எழுதினாலே போதும். சுழலும் உருளைக்கும் இவ்வாறே. அச்சையும் கோணவேகத்தையும் தருகிறோம். அவ்வேகம் ரேடியனில் இருத்தல் வேண்டும். நிமிடத்திற்கு 60 சுற்று என்றால் நொடிக்கு 6.28 ரேடியன். இங்கே 60 என்றே எழுதிவிட்டால் விடை முற்றும் பிழையாகும்.

இரண்டாம்வகை, பாய்மத்தை நோக்கியே முன்னேறும் சுவர். உருளைக்குள் காற்றை அழுத்தும் உந்துதண்டு இத்தகையது. இங்கே கட்டங்களும் சுவரோடு சுருங்கவேண்டும்; சுவரை ஒட்டிய காற்றின் வேகமும் சுவரின் வேகமாக இருத்தல் வேண்டும். மாணவனாக இருந்தபோது நான் முன்னதைச் செய்தேன், பின்னதை மறந்தேன். சுவரின் வேகம் சுழி என்றே எழுதிவைத்தேன். கணிப்பொறி ஒரு குறையும் கூறவில்லை. வண்ணப் படங்கள் கண்ணைக் கவர்ந்தன. அவற்றை ஆசிரியரிடம் கொடுக்க எடுத்து வைத்துவிட்டேன்.

கொடுக்குமுன் அழுத்தத்தை ஒருமுறை பார்த்தேன். காற்றின் கனஅளவு பாதியாகியும் அழுத்தம் உயரவே இல்லை! பள்ளியில் படித்த பாயில் விதி நினைவுக்கு வந்தது. வெப்பநிலை மாறாதிருந்தாலே அழுத்தம் இரு மடங்காக வேண்டும். விரைந்து அழுத்தினால் அதனினும் மிகவேண்டும். உள்ளிருக்கும் காற்றின் நிறையைக் கூட்டிப் பார்த்தேன், அதுவும் பாதியாகியிருந்தது. உந்துதண்டு முன்னே வர, காற்று அதனை ஊடுருவி வெளியேறிக்கொண்டிருந்தது! சுவர் நகர்ந்தது, காற்றுக்கோ சுவர் இருப்பதே தெரியவில்லை. சுவரின் வேகத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை அவ்விடத்தில் எழுதியதும் கணக்கு நேரானது.

இதனைச் சிறு பிழையென்று எண்ணலாகாது. 1972-ஆம் ஆண்டு சார்லஸ் பெஸ்கின் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், இதய வால்வுகளைச் சுற்றிய குருதியோட்டத்தைக் கணிக்க ஒரு முறையை வெளியிட்டார். அங்கே நகரும் சுவர் இதய வால்வின் இதழ். அத்தகைய கணக்கில் குருதி சுவரை ஊடுருவினால், அதனை நம்பும் மருத்துவர் என்ன ஆவார்?

மாணவ நண்பர்களே, பெரிய கணக்கில் இறங்குமுன், விடை தெரிந்த சிறிய கணக்கொன்றைச் செய்து பாருங்கள். இரு தட்டுகளுக்கிடையே நீர். கீழ்த்தட்டு நிற்க, மேல்தட்டு சீராக நகர்கின்றது. ஓட்டம் நிலைபெற்றபின் நடுவில் நீரின் வேகம் மேல்தட்டின் வேகத்தில் சரிபாதி. உங்கள் கணிப்பொறியும் அவ்வாறே சொல்கிறதா? பின்னர் நிறையைக் கூட்டிப் பாருங்கள். இவ்விரண்டும் சரியானபின் படங்களைக் கண்டு மகிழலாம்.