பிள்ளைகள் அஞ்சாமல் சொல்லட்டும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே நாம் இத்தகைய கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர்களிடம் மன உறுதியும் முயற்சியும் வளர்வது எவ்வாறு? கைப்பேசி வழியே வரும் தீங்கிலிருந்து அவர்கள் தப்புவது எவ்வாறு? இவை வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும், இரண்டிற்கும் வேர் ஒன்றே என்பது நம் கருத்து.

நெல் பயிரிடும் உங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்நேரமும் நீர் தேங்கும் வயலில் வேர் ஆழச் செல்வதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால்தான் வேர் கீழே இறங்கிப் பயிர் உறுதி பெறுகிறது. அதற்காக, நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்வரை எவரும் விட்டுவிடுவதில்லை. மயிரிழை போன்ற வெடிப்புக் கண்டவுடன் மடையைத் திறந்து விடுகிறோம். பிள்ளை வளர்ப்பும் அத்தகையதே. சிறு தோல்விகளைப் பிள்ளை சந்திக்கத்தான் வேண்டும். அவ்வேளையில் நாம் வரப்பில் நிற்க வேண்டும்.

கணக்கில் தவறிய பிள்ளையிடம், “உனக்குப் படிப்பு ஏறாது” என்று சொல்லிவிடுவது எளிது. அச்சொல் அவனது முயற்சியை அன்றே முடித்துவிடும். “எந்த இடத்தில் தவறியது, காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தறியாத தாயும் இதைக் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடைபெறுகிறது. அதற்கு விண்ணப்பிக்கச் செய்யாமல், பையனை வேலைக்கு அனுப்புவதும், 18 வயது நிறையாத பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதும் பெரும் பிழையாகும்.

இனி, கைப்பேசிக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபின், பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. பள்ளிகள் திறந்த பின்னரும் கைப்பேசி பிள்ளைகளின் கையை விட்டு இறங்கவில்லை. அதனால் நன்மை பல உண்டு, தீங்கும் உண்டு.

நம் வட்டாரத்து ஊர் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். ஊரின் பெயர் வேண்டா. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தந்தையின் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டுக்குரிய நாணயங்களை இலவசமாகத் தருவதாக யாரோ செய்தி அனுப்பினார். கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டார். பையன் சொல்லிவிட்டான். நடவுக் கூலிக்கென வங்கியில் வைத்திருந்த பணம் போயிற்று. அவன் நான்கு நாட்கள் வாய் திறக்கவில்லை. தந்தை வங்கிக்குச் சென்றபோதுதான் செய்தி தெரிந்தது. “உடனே ஏன் சொல்லவில்லை?” என்று அவர் கேட்டதற்கு, “அடிப்பீர்கள் என்று பயந்தேன், அப்பா” என்றான். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது வாங்கிய அடியை அவன் மறக்கவில்லை.

பெரியோர்களே, அந்தத் தந்தை கெட்டவர் அல்லர். மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் நம் வீட்டிலும் குரல் உயர்ந்ததுண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தால், பறிபோன பணம் வேறு கணக்குகளுக்கு மாறுமுன் அதை முடக்க வழியுண்டு. நாழிகை கடக்கக் கடக்க அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். பிள்ளையின் அச்சமே ஏமாற்றுக்காரனுக்குக் கிடைத்த அவகாசம்.

பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். அதனினும் கொடியது ஒன்று உண்டு. முகமறியாதவர் நட்புப் பாராட்டி, பிள்ளையிடம் படம் வாங்கிக்கொண்டு, பின்னர் அதைக் காட்டி மிரட்டுவது. அப்போது மிரட்டுபவருக்குப் பணம் கொடுக்கலாகாது; வந்த செய்திகளை அழிக்கலாகாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் காவல் நிலையத்திற்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்க 2012-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவிப்பது கடமை. ஊர்ப் பெயர் கெடும் என்று கூடிப் பேசி முடித்துவிட எவருக்கும் உரிமையில்லை. அந்தப் பிள்ளையின் பெயரும் வெளியே வரலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. அங்கே கட்டடத்தையும் கழிப்பறையையும் பற்றிப் பேசும்போது இதையும் பேசுங்கள். 1930, 1098 என்னும் இரு எண்களையும் பள்ளிச் சுவரிலும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதச் செய்யுங்கள். கிராம சபை கூடும் நாளில், ஓடிபி எண்ணை எவரிடமும் சொல்லலாகாது என்பதை ஓர் ஆசிரியரைக் கொண்டு விளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் அது பயன்படும்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வீடு சென்றதும் பிள்ளையை அருகில் அழைத்து, “நீ என்ன தவறு செய்திருந்தாலும் முதலில் என்னிடம் சொல். நான் அடிக்க மாட்டேன்” என்று கூறுங்கள். பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். தவறிய கணக்கை மறைக்காமல் காட்டும் பிள்ளையே மீண்டும் போட்டுப் பார்க்கும். அந்தப் பிள்ளைதான் ஆபத்து வரும் நாளிலும் நம்மிடம் ஓடி வரும்.