பஸ் பாட்டரியும் பட்டறைத் தொழிலாளியும்



பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1925 முதல் 1961 வரை டிராலி பஸ்கள் மேல்கம்பி மின்சாரத்தில் ஓடின. டீசல் பஸ் அப்படியன்று. காற்றை அழுத்திச் சூடாக்கினால்தான் அதில் எண்ணெய் பற்றும். அந்தக் கனத்த எஞ்சினைச் சுழற்றிவிட, 12 வோல்ட் பாட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் ஆக்குவது வழக்கம்.

பனி நாடுகளில் குளிரால் பாட்டரியின் வலு பாதியாகக் குறையும். அங்கே பெரிய பாட்டரி தேவை. பினாங்கில் அந்தக் குளிர் ஏது? அளவுக்கு மீறிய ஈயப் பாரம் பட்டறைத் தொழிலாளியின் முதுகில் அன்றோ ஏறுகிறது! காண்டாவாளி சுமந்த தோள்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே பட்டறை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: எஞ்சின் கம்பெனி குறித்த அளவையே போடுக. இரண்டையும் ஒருசேர மாற்றுக. எர்த் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுக. 50 கிலோ பாட்டரியைத் தனியே தூக்கச் சொன்னால் துணையாள் கேட்க வேண்டும். அது சோம்பல் அன்று, உரிமை!