வழிகாட்ட ஒருவர் வேண்டும்



மனித மரபணுத்தொகுதியை வாசிக்கும் பணி நிறைவேறியதாக 2003 இல் அறிவித்தார்கள். யாருடைய மரபணுக்களை வாசித்தோம்? நோய்க்குக் காரணமான மரபணு வேறுபாடுகளைத் தேடிய ஆய்வுகளை 2016 இல் தொகுத்துப் பார்த்தபோது, பங்குபற்றியோரில் 81 வீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஏனையோருக்கு அந்த முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்று வைத்தியர்களால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

ஏனையோர் தயங்குவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய்ப் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் கொடுத்தார்கள். அது வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டதைப் பின்னர் அறிந்து வழக்குத் தொடுத்தார்கள். 2010 இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 இலட்சம் டொலர் கொடுத்து, எஞ்சிய இரத்தத்தையும் திருப்பிக் கையளித்தது.

அடுத்த ஆண்டே இலினோய் பல்கலைக்கழகத்தில் பழங்குடி மாணவருக்கும் பட்டதாரிகளுக்குமென 'சிங்' என்னும் ஒரு வாரப் பயிற்சி தொடங்கியது. டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கவும், அது யாருக்குச் சொந்தம் என்று விவாதிக்கவும் அங்கே பழகுகிறார்கள். நியூசிலாந்திலும் கனடாவிலும் அது பின்னர் வேரூன்றியது.

ஆனால் ஒரு வாரத்தில் ஆய்வாளர் உருவாவதில்லை. தரவுகளைக் கூட இருந்து பார்க்கவும், பிழையைச் சொல்லவும், சிபாரிசுக் கடிதம் எழுதவும் ஒருவர் வேண்டும்.

உலகெங்கும் ஆய்வுகூடங்களில் பணிபுரியும் எம் பழைய மாணவிகளே, புலமைப்பரிசிலுக்குத் தாராளமாகத் தருகிறீர்கள்; நன்றி. இந்த நூற்றாண்டில் உங்கள் நேரத்தையும் கேட்கிறேன். எமது கல்லூரியிலிருந்து சென்று பட்டம் பெற்ற ஒருத்தியையாவது ஒரு வருடம் வழிநடத்துங்கள். அவள் எழுப்பும் கேள்வியை அவளே ஆராய விடுங்கள்.