பழைய வண்டியும் பாடபேதமும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேசுமாறுதான் என்னைப் பணித்தார்கள். நானோ ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விழாக் குழுவினர் பொறுத்தருள வேண்டும். கடந்த இரண்டாண்டுகளாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். மாதக் கூட்டத்துக்கு நகக்கண்ணில் கிரீஸோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்ததையும் பார்த்திருப்பீர்கள். அதற்கான விளக்கமாகவே இவ்வுரையைக் கொள்க.

என் சிறிய தந்தையார் காரியாபட்டியில் பருத்திக்கும் மிளகாய் வற்றலுக்கும் தரகு பார்த்தவர். மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே அமைந்த ஊர் என்பதால், காலையில் ஒரு சந்தை, மாலையில் ஒரு சந்தை என்று அலைவது அவருக்கு எளிதாயிற்று. 1972-ஆம் ஆண்டு அவர் ஒரு 350 சி.சி. என்ஃபீல்டு புல்லட் வாங்கினார். சென்னைத் திருவொற்றியூரில் உருவான வண்டி. அதன் பூர்வீகமோ இங்கிலாந்து. ரெட்டிச் நகரில் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 1932-இல் புல்லட் என்னும் பெயரை ஒரு வண்டிக்குச் சூட்டியது. நம் நாட்டு இராணுவம் அவ்வண்டியை விரும்பி வாங்கத் தொடங்கியதைத் தொடர்ந்து, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. பின்னர் வார்ப்பும் கடைசலும் இங்கேயே நடந்தன. 1970-இல் இங்கிலாந்தில் தாய்வீடு பூட்டப்பட்டது. புகுந்த வீட்டில் வம்சம் தழைத்தது. பிறந்த மண்ணில் வழக்கொழிந்த சொல் வேறொரு சீமையில் புழங்குவதைக் கண்டு வியக்கும் நமக்கு, இதில் வியக்க ஒன்றுமில்லை.

கரிசல் காட்டில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை இவ்வவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு, மட்கார்டுக்குள் ஏறி, வண்டியை நட்ட கல்லாக நிறுத்திவிடும். சித்தப்பா சேறு தோண்டுவதற்கென்றே கருவேலங்குச்சி ஒன்றைச் சைடு பெட்டியில் வைத்திருப்பார். ஐந்து வயதில் பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்து சென்ற எனக்கு அந்தக் குச்சி நினைவிருக்கிறது. அவர் முகம் அவ்வளவு தெளிவாக நினைவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

அவர் மறைந்தபோது, பதினைந்து ஆண்டுகளாக ஓடாமல் மாட்டுக் கொட்டிலில் கிடந்த அந்த வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கேட்டேன், சித்தி கொடுத்துவிட்டார்.

முதல் வேலை தாள்வேலை. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் மாவட்டம் இராமநாதபுரம் என்றிருந்தது. 1985-இல் நம் மாவட்டம் பிரிந்து காமராசர் மாவட்டமாகி, 1997-இல் விருதுநகர் மாவட்டமாயிற்று. ஊர் நகரவில்லை, வண்டியும் நகரவில்லை, முகவரி மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது. இறந்தவரின் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. அதனோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. காலாவதியான பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. சேசிஸ் எண்ணின்மேல் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்துத் தரச் சொன்னார்கள். வண்டிக் கழுத்தில் மூன்று தடவை அடித்திருந்த பெயின்டைச் சுரண்டிவிட்டுத் தேய்த்தேன். எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்து வந்தன. கல்வெட்டு படியெடுப்போர் அடையும் மகிழ்ச்சி என்னவென்று அன்று அறிந்தேன்.

பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தது. மதுரையிலிருந்து நான் அழைத்து வந்த முதியவர், இத்தொழிலில் ஐம்பதாண்டு கண்டவர், பிளக் துளை வழியே மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, "பத்து நாள் தொடாதீங்க தம்பி" என்று சொல்லிப் போய்விட்டார். பதினொன்றாம் நாள் வந்து, நான்காம் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தார். ஒரு விரற்கடை அசைந்தது. அவ்வளவுதான் அன்றைய வேலை. சுத்தியல் எடுக்கவே இல்லை.

அதற்குமுன் வேறொருவரிடம் கொடுத்து நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பழைய புல்லட்டின் திருகாணிகள் ஆங்கிலேயரின் அங்குலக் கணக்கில் அமைந்தவை. அவர் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகி, ஆறு மூலையும் மழுங்கிய மூன்று நட்டுகளை என் கையில் கொடுத்தார். வெண்பாவை விருத்தத்தின் அளவால் அளந்தவரைப்போல, தவறு வண்டியிடம் என்றே கடைசிவரை சாதித்தார். இவ்வவையிலும் அத்தகையோர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90. அகலம் குறைந்து நெடுமை மிகுந்த இந்த அமைப்பாலும், கனத்த சக்கரத்தாலும்தான் அவ்வண்டி அவசரமின்றி ஒவ்வொரு அடியாக எண்ணி வைப்பதுபோல் ஓடுகிறது. சிலிண்டர் தேய்ந்திருந்ததால் போர் போட்டுப் பெரிய பிஸ்டன் இட்டோம். டாங்குக்குள் துரு. டீசலும் ஒரு கை நட்டுகளும் போட்டு இரண்டு நாள் குலுக்கினோம். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பரையும் கார்க்கையும் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும் என்பதால் குழாய், வாஷர் எல்லாவற்றையும் மாற்றும்படி ஆயிற்று. இவற்றில் எனக்குத் தயக்கமே எழவில்லை. ஓடுவதற்கு வேண்டியதை மாற்றத்தான் வேண்டும்.

தயக்கம் டாங்கின் மேற்புறத்தில் வந்தது. திருவொற்றியூரில் டாங்கின் மேலுள்ள பொன்வரிகளைத் தூரிகை கொண்டு கையாலேயே இழுத்தார்கள். எங்கள் வண்டியில் ஒருபுறம் அந்த வரி பாதி இருந்தது. முழங்கால் அணைகிற இடத்தில் கறுப்பும் போய், அடிப்பூச்சும் போய், இரும்பு மின்னியது. முப்பதாண்டுகளுக்கு மேல் ஒருவர் வேட்டியோடு உரசிய இடம். பெயின்டர் அதைச் சுரண்டிப் புதிது போலவே ஆக்கித் தருவதாகச் சொன்னார். விலையும் அதிகமில்லை. நான் இரண்டு மாதம் முடிவெடுக்காமல் கிடந்தேன்.

1894-இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரை அப்போது நினைத்துக்கொண்டேன். ஏட்டில் சிதைந்துபோன அடிகளைப் புனைந்து நிரப்பும் புலமை அவருக்கு இருந்தது; அவர் அதைச் செய்யவில்லை. சிதைந்த இடம் சிதைந்த இடமாகவே நமக்கு வந்து சேர்ந்தது. ஏடுகள் வேறுபட்ட இடத்தில் பாடபேதத்தைக் குறித்து வைத்தார். பிறகென்ன? டாங்கைத் துடைத்து, துரு ஏறாதிருக்க மெழுகு மட்டும் பூசினேன். பெயின்டருக்கு வருத்தம்தான்.

ஆனால் சைலன்சர் விஷயத்தில் தவறிவிட்டேன். பழையது ஓட்டையாகி ஒட்டுப் போட்டிருந்தது. பளபளக்கும் புதியதொன்றை வாங்கிப் பூட்டினேன். கிளப்பிய முதல் நாளை மறக்க இயலாது. ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை மிதித்து, டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து மெல்லத் தள்ளி, பிடியை விட்டு ஓங்கி மிதிக்க வேண்டும். மிதித்தேன். சைலன்சரில் தேங்கிய பெட்ரோல் ஆவி தீப்பற்றி, வெடித்ததுபோல் ஓர் ஓசை. தெருவிலுள்ள அத்தனை வாசலிலும் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் வெடியோசை கேட்டால் திருவிழா என்று யாரும் எண்ணுவதில்லை. எந்தத் திசையில் என்றுதான் பார்ப்பார்கள், அங்கே வேலைக்குப் போனவர்களை எண்ணுவார்கள். வண்டிதான் என்று தெரிந்ததும் ஒரு மூதாட்டி என்னை ஏசியது நியாயமே.

மறுபடி மிதித்தேன், ஓடிற்று. சித்தி திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா இது அவுக வண்டி இல்ல" என்றார்.

வண்டியின் ஓசைதான் அவருக்கு வண்டி. தடமும் பூச்சும் எனக்கு வண்டி. இதை நான் முன்பே கேட்டறிந்திருக்க வேண்டும். பெரியவரை மீண்டும் அழைத்தேன். பழைய சைலன்சரைத் தேடி எடுத்து, ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டோம். பாயின்ட் இடைவெளியைச் சரிபார்த்து, நெருப்பு விழும் நேரத்தைச் சற்றே பின்தள்ளினார். நின்ற ஓட்டத்தை, அணைந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்குத் தாழ்த்தினார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஒருவர் பெயரைச் சொல்லிவிடலாம்போல் இருந்தது. "தரகு பாக்குற ஆளுக இப்படித்தான் வச்சிக்கிருவாக, நின்னு பேசணும்ல" என்றார்.

அன்று மாலை அருப்புக்கோட்டைச் சாலையிலிருந்து திரும்பித் தெருமுனையில் வளைத்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியபோது திண்ணையில் சித்தி இல்லை. உள்ளே அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் உலை ஏறியிருந்தது. அவர் ஒருவருக்கு இரவில் சோறு வடிப்பதில்லை; இரண்டு இட்டிலியோடு முடித்துக்கொள்வார். தான் ஏன் எழுந்து வந்தோம் என்பது அவருக்கே விளங்காமல், கையில் அரிசிப் படியோடு என்னைப் பார்த்தார்.

"ஓசை சரியா இருக்குய்யா" என்றார். பின்பு, "தெருவுக்குள்ள ஓட்டிட்டு வராத" என்றார்.

நண்பர்களே, வண்டி இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது. இக்கூட்டத்துக்கும் அதில்தான் வந்தேன். விழா முடிந்து போகும்போது காரியாபட்டி பேருந்து நிலையத் திருப்பத்தில் என்ஜினை அணைத்துவிடுவேன். அங்கிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். புல்லட் கனமான வண்டி. கடைசியில் சிறு ஏற்றம் வேறு இருக்கிறது. ஆகவே விழாக் குழுவினர் எனக்குச் சற்று முன்னதாகவே விடை கொடுக்குமாறு வேண்டி அமைகிறேன்.