கம்போஸ்ட் டீ: ஒரு வாளியில் கற்ற பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் துறையைப் பற்றிப் பேசு" என்று செயலாளர் சொன்னார். நான் படித்தது சிவில். வேலை பார்ப்பது திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். மத்தியானச் சாப்பாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் உங்களிடம் சாயக்கழிவைப் பற்றிப் பேசுவது தர்மம் ஆகாது. ஆகவே டீயைப் பற்றிப் பேசுகிறேன். நாம் குடிக்கிற டீ அல்ல; செடிக்கு ஊற்றுகிற கம்போஸ்ட் டீ.

விஷயம் ரொம்ப எளிது. நன்றாக மக்கிய உரத்தைத் துணியில் மூட்டை கட்டித் தண்ணீரில் ஊறப் போடுவது. மீன் தொட்டிக்குப் போடுகிற காற்று பம்பை வாளிக்குள் விட்டு, ஒரு நாள், ஒன்றரை நாள் குமிழி விட வைப்பது. உரத்தில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் தண்ணீருக்கு வந்து பெருகும்; அதை வேரில் ஊற்றினால் மண்ணுக்கு உயிர் வரும் என்பது இதன் அடிப்படை. அமெரிக்காவில் எலைன் இங்காம் என்ற மண் நுண்ணுயிரியல் அறிஞர் இதைப் பெரிதும் பரப்பினார். நம் ஊரில் பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான சங்கதி அல்ல.

சில வருஷங்களுக்கு முன் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் தோட்டம். இருபது லிட்டர் வாளி, ஒரு கிலோ உரம், "இன்னும் வேகமாகப் பெருகட்டும்" என்று இரண்டு கை நிறைய நாட்டுச் சர்க்கரை. பம்பைப் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். அது மே மாதம். அன்றைக்கு ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை.

எங்கள் ஆலையில் ஏரேஷன் டேங்குக்குக் காற்று தரும் புளோயர் நின்றால் உடனே ஜெனரேட்டர் ஓட வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் நான் சத்தம் போடுவேன். அப்படிப்பட்ட நான், வீட்டு வாளியை மறந்தே போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால், வாளியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். செய்ததை வீணாக்க மனம் வரவில்லை. தண்ணீர் கலந்து தெளித்துவிடலாம் என்று அரைக்கீரைப் பாத்தி பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, இந்த நாத்தம் புடிச்ச தண்ணியவா நாளைக்குத் திங்கற கீரை மேல தெளிக்கப் போறே?"

"அம்மா, இது நுண்ணுயிர். உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேண்டாஞ் சாமி. அந்தக் கீரைய உம் புள்ளையும் திங்கும்."

வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

இங்கே தம்பி, தங்கைகளுக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இதே கல்லூரியின் சுற்றுச்சூழல் ஆய்வகத்தில், நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் சோதனை எனக்கும் இருந்தது. மாங்கனீஸ் சல்பேட், அயோடைடு, அமிலம், பிறகு ஸ்டார்ச். நீல நிறம் மறையும் வரை தயோசல்பேட் விட வேண்டும். நான் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. பக்கத்து மேஜை நண்பனின் ரீடிங்கைப் பார்த்து, கடைசி எண்ணை மட்டும் மாற்றி எழுதினேன். முழு மார்க்கும் வாங்கினேன். அந்த நண்பன் இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருக்கிறான்.

அன்று ஒழுங்காகச் செய்திருந்தால் ஒன்று மனதில் தங்கியிருக்கும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். ஆனால் வெப்பம் கூடினால் நுண்ணுயிரின் மூச்சு வேகமாகும். சர்க்கரை போட்டால் இன்னும் வேகமாகும். அதாவது வரவு குறைவு, செலவு அதிகம். குளிர்ந்த ஊர்க்காரர் எழுதிய செய்முறையை நம் மே மாதத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டேன். பம்பு நின்றதும் இருந்த ஆக்சிஜன் தீர்ந்தது. காற்றில்லாமல் வாழும் கிருமிகள் ஆட்சியைப் பிடித்தன.

அம்மாவின் பயமும் வீண் பயம் அல்ல. உரம் சரியாகச் சூடேறி மக்காமல், அதில் சாண வழி வந்த கெட்ட கிருமி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், சர்க்கரைத் தண்ணீர் அதையும் சேர்த்து வளர்க்கும். இந்தக் காரணத்தால்தான் 2004-ல் அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தர வாரியம் அமைத்த குழு, இப்படி ஊட்டம் சேர்த்த டீயைப் பரிசோதிக்காமல் உணவுப் பயிருக்குப் பயன்படுத்தினால், பச்சைச் சாணத்துக்கு உள்ள கட்டுப்பாட்டையே பின்பற்றச் சொன்னது. மண்ணைத் தொடும் விளைச்சல் என்றால், ஊற்றியதற்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள் இருக்க வேண்டும். நம் கீரையோ ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும்!

பிறகு, இந்தத் தடவையாவது காப்பி அடிக்காமல் சோதித்துப் பார்ப்போம் என்று ஒன்பது தொட்டியில் தக்காளி வைத்தேன். மூன்றில் வெறும் மண். மூன்றில் மண்ணோடு மட்கு உரம். மூன்றில் உரமும் டீயும். உரம் போட்டவை வெறும் மண்ணை எளிதாக முந்தின. உரத்தோடு டீயும் குடித்தவைக்கும், உரம் மட்டும் தின்றவைக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்பது தொட்டி ஆராய்ச்சி ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். வேறு இடங்களில் நடந்த சோதனைகளிலும் சிலவற்றில் நோய் குறைந்தது, சிலவற்றில் ஒன்றும் மாறவில்லை.

கணக்குப் போட்டால் இதில் ஆச்சரியம் இல்லை. நல்ல உரத்தில் தழைச்சத்து சுமார் 1 சதவீதம். ஒரு கிலோவில் பத்து கிராம். அதிலும் பெரும்பகுதி திப்பியிலேயே தங்கிவிடும். போட்டதற்கு மேல் எடுக்க முடியாது என்பது முதல் வருடமே நாம் படித்த பாடம். மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவதும், ஈரத்தைப் பிடிப்பதும், மண்புழுவுக்குச் சோறு போடுவதும் அந்தத் திப்பிதான். டீயை ஊற்றிவிட்டுத் திப்பியைக் குப்பையில் கொட்டுகிறவன், சாற்றை இறுத்துக்கொண்டு சோற்றைக் கொட்டியவன்.

அப்படியானால் டீயே வேண்டாமா? ஆசைப்பட்டால் செய்யுங்கள். ஆனால் இப்படிச் செய்யுங்கள். மண் வாசனை வருகிற, முழுதாக மக்கிய உரம் மட்டும் எடுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் ஓர் இரவு திறந்து வையுங்கள். சர்க்கரை, வெல்லம் வேண்டாம். வாளி நிழலில் இருக்கட்டும். பம்பை நிறுத்தினால் சில மணி நேரத்துக்குள் ஊற்றிவிடுங்கள். பச்சையாகத் தின்னும் இலையில் தெளிக்காதீர்கள், வேரில் விடுங்கள். நாற்றம் அடித்தால் செடிப் பக்கமே கொண்டு போகாதீர்கள். எங்கள் ஆலையில் ஆக்சிஜன் மீட்டர் உண்டு. வீட்டில் அம்மாவின் மூக்கு உண்டு. இரண்டில் எது நம்பகமானது என்று கேட்டால், மீட்டரை மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் விடுதி மெஸ்ஸில் தினமும் காய்கறித் தோலும் மிச்சச் சோறும் கூடை கூடையாக வெளியே போகின்றன. பின்னால் இடமும் இருக்கிறது, உதிர்ந்த இலையும் இருக்கிறது. ஒரு கம்போஸ்ட் குழி போடுங்கள். அதற்கான செலவு எங்கள் பேட்ச் பொறுப்பு. அந்த உரத்தில் செடி வையுங்கள். பாதிக்கு டீ, பாதிக்கு வெறும் தண்ணீர். வாரம் ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். வித்தியாசம் வராவிட்டால் 'வரவில்லை' என்றே எழுதுங்கள். அடுத்த கூடலில் நான் முதலில் கேட்கப் போவது அந்த நோட்டைத்தான். பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், அனுபவம் இருக்கிறது!